கடைசி வாசல்

மாதவரத்திலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவேண்டும். என்னென்ன வழி இருக்கிறது? மூலக்கடை, வியாசர்பாடி வழியாகப் போகலாம். மணலி, திருவொற்றியூர் என்று சுற்றிக்கொண்டு கடலோரமாகவும் போகலாம். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று. இரண்டும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி பகலாக லாரிகள் வரிசைகட்டி நின்றதையும், டிரைவர்கள் வண்டி ஓரத்திலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துச் சாப்பிட்டதையும் பார்த்தவர்கள் அவர்கள்.

லாரி காத்திருக்கும். ரத்தம்?

இரண்டு கிட்னியும் செயலிழந்துபோன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் பண்ணி, திரும்ப உள்ளே அனுப்பவேண்டும். முறைப்படி வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு சுமார் 300 மில்லி ரத்தம் மெஷினுக்குள் ஓடவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர்! நம் உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்தான். அதாவது, மொத்த ரத்தமும் பதினான்கு முறை வெளியே போய்த் திரும்பி வருகிறது.

இவ்வளவு ரத்தம் எந்த வாசல் வழியாகப் போய் வரும்?

புறங்கையில் பச்சையாகத் தெரிகிறதே, நாம் பேச்சுவழக்கில் 'நரம்பு' என்று சொல்கிறோமே, அது உண்மையில் நரம்பு இல்லை. சிரை. இதயத்துக்கு ரத்தம் திரும்பிப் போகிற குழாய். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்ற அது போதும். நிமிடத்துக்கு 300 மில்லி கேட்டால் கையை விரித்துவிடும். தமனியில் வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரம் மூன்று முறை அதைக் குத்திக்கொண்டிருந்தால் ஆளே மிஞ்சமாட்டார்.

டயாலிசிஸின் வரலாறு என்றால் எல்லோரும் மெஷினின் வரலாற்றைத்தான் சொல்வார்கள். மெஷின் சீக்கிரமே கிடைத்துவிட்டது. மனிதனைப் படாதபாடு படுத்தியது வாசல்தான். இந்த வாரம் அந்த வாசலின் கதை.

*

1913. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஏபெல் என்ற விஞ்ஞானி நாய்களை வைத்துச் செயற்கைச் சிறுநீரகப் பரிசோதனை செய்தார். குழாயில் போகிற ரத்தம் உறைந்துவிடக்கூடாதே? அதற்கு அவர் பிடித்தது அட்டைப்பூச்சிகளை. கடிக்கும்போது ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு சாறு விடும் அல்லவா, அதைச் சேகரித்துப் பயன்படுத்தினார். 1924-ல் ஜெர்மனியின் கீஸன் நகரில் ஜார்ஜ் ஹாஸ் என்ற டாக்டர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செய்தார். எவ்வளவு நேரம்? கால் மணி நேரம். உயிரைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. முடிகிறதா பார்க்கலாம் என்ற அளவில்தான்.

நிஜமான ஆட்டம் ஆரம்பித்தது 1943-ல். நெதர்லாந்தை ஹிட்லரின் படைகள் பிடித்துவைத்திருந்த காலம். காம்ப்பன் என்கிற சிறிய ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர். மரச்சட்டங்களால் ஒரு உருளை செய்தார். அதன்மேல் செலோஃபேன் குழாயைச் சுற்றினார். அந்தக் குழாய், இறைச்சியை அடைத்து சாசேஜ் செய்கிறவர்கள் பயன்படுத்துவது! உருளையை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் சுழலவிட்டார். ரத்தத்தில் இருந்த கழிவு தண்ணீருக்குள் இறங்கியது. மெஷின் தயார்.

அந்த மார்ச் மாதம் அவர் சிகிச்சை கொடுத்த முதல் நோயாளி, வீட்டுவேலை செய்துகொண்டிருந்த 29 வயதுப் பெண். கிட்னி இரண்டும் சுருங்கிப்போயிருந்தன. டயாலிசிஸ் செய்தால் தெளிவாகிறாள், பேசுகிறாள். சில நாளில் மறுபடி மயக்கம். திரும்பவும் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய ரத்தக்குழாயைத் தேடவேண்டும். ஒரு தடவை பயன்படுத்தியது அடுத்த தடவைக்கு உதவாது. இப்படிப் பன்னிரண்டு தடவை. அதற்குமேல் குழாய் சொருக உடம்பில் இடம் கிடைக்கவில்லை.

மெஷின் நன்றாகத்தான் ஓடியது. வாசல் தீர்ந்துபோனதால் அந்தப் பெண் இறந்துபோனாள்.

1945-ல் கோல்ஃபின் மெஷினால் ஒரு 67 வயது மூதாட்டி பிழைத்தார். ஆனால் அவருக்கு வந்தது தற்காலிகக் கோளாறு. சில நாளில் அவருடைய சொந்தக் கிட்னியே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நிரந்தரமாகக் கிட்னி போனவர்களுக்கு? வீட்டுக்குப் போய் நாளை எண்ணுங்கள் என்பதுதான் பதில். அடுத்த பதினைந்து வருடம் உலகம் முழுக்க இதே பதில்தான்.

*

பதிலை மாற்றியவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர். அவரிடம் வந்த ஒரு நோயாளி டயாலிசிஸ் செய்ததும் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் கிட்னி முழுக்கப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. சாகச்சொல்லி வீட்டுக்கு அனுப்பவேண்டியதாகிவிட்டது. அது ஸ்கிரிப்னரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நடுராத்திரியில் யோசனை உதித்தது. ஒவ்வொரு தடவையும் புதிய வாசல் எதற்கு? ஒரே வாசலைத் திறந்தபடியே வைத்திருந்தால் என்ன?

கையில் ஒரு தமனியில் ஒரு குழாய். பக்கத்துச் சிரையில் ஒரு குழாய். டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே வளைவாக இணைத்துவிடவேண்டும். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற ரத்தம் சுலபத்தில் உறையாது. சரி, எதனால் குழாய் செய்வது? டெஃப்லான்! ஆமாம், உங்கள் வீட்டு நான்ஸ்டிக் தவாவில் தோசை ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறதே, அதேதான். தோசை ஒட்டாத இடத்தில் ரத்தமும் ஒட்டாது. வெய்ன் க்விண்டன் என்ற இன்ஜினீயர் குழாயை வளைத்துக் கொடுத்தார். (இன்றைக்கு நெஞ்சுவலி என்று போனால் ஓடவிட்டுப் பார்க்கிற டிரெட்மில் மெஷினை உருவாக்கியதிலும் இவருக்குப் பங்கு உண்டு.)

1960, மார்ச் 9. போயிங் விமானக் கம்பெனியின் மெஷின் தொழிலாளியான கிளைட் ஷீல்ட்ஸின் கையில் அந்தக் குழாய் பொருத்தப்பட்டது. அதற்குப்பிறகு அவர் வாழ்ந்தது சில வாரங்கள் அல்ல, பதினொரு வருடங்கள். 1971-ல் அவர் மாரடைப்பில்தான் இறந்தார்.

வாசல் கிடைத்ததும் வேறு பிரச்னை முளைத்தது. வரிசை! சியாட்டிலில் டயாலிசிஸ் மையம் திறந்தபோது இடம் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். யாருக்குக் கொடுப்பது? ஒரு வக்கீல், ஒரு மதகுரு, ஒரு வங்கிக்காரர், ஒரு குடும்பத்தலைவி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சர்ஜன் என்று ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். வயது என்ன, வேலை என்ன, எத்தனை குழந்தைகள் என்றெல்லாம் விசாரித்து, யார் பிழைக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1962-ல் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபோது அமெரிக்காவே அதிர்ந்தது. 1972-ல்தான் அந்த நாட்டு அரசாங்கம் டயாலிசிஸ் செலவை ஏற்றுக்கொண்டது.

*

ஸ்கிரிப்னரின் குழாய்க்கு ஆயுள் மாதக்கணக்குதான். தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிற எதற்கும் கிருமி பயம் உண்டு. அடைப்பு பயம் உண்டு. ஒரு கை போனால் மறு கை, அப்புறம் கால். திரும்பவும் இடம் தீர்ந்துபோகிற கதை.

அடுத்த தாண்டல் நியூயார்க்கில். பிராங்ஸ் பகுதியில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி. டாக்டர் ஜேம்ஸ் சிமினோ, டாக்டர் மைக்கேல் பிரேசியா, சர்ஜன் கென்னத் அப்பெல். கொரியா யுத்தத்தில் குண்டடிபட்ட சிலருக்குத் தமனியும் சிரையும் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டதும், அந்த இடத்தில் சிரை உப்பிப் பெரிதாகிவிட்டதும் சிமினோவுக்குத் தெரியும். குண்டு செய்த வேலையைக் கத்தி செய்தால் என்ன?

மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தார் அப்பெல். அவ்வளவுதான். டெஃப்லான் வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம். தமனியின் வேகம் சிரைக்குள் பாய, சில வாரங்களில் சிரை தடித்துப் பருத்து, ஊசி குத்தத் தோதாக மேலே எழும்பி வந்தது. 1966-ல் கட்டுரை வெளியானது. ஃபிஸ்டுலா என்று நம் ஊர் டயாலிசிஸ் நோயாளிகள் சொல்வது இதைத்தான். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே மோட்டார் ஓடுகிற மாதிரி அதிரும். அறுபது வருடம் ஆகப்போகிறது. இதைவிட நல்ல வாசலை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. ஃபிஸ்டுலா பழுக்க ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் வீங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்குகிறவருக்கு அதெல்லாம் ஆகிற காரியமா?

அவருக்குத்தான் கதீட்டர். 1953-ல் ஸ்வீடனின் ஸ்வென் செல்டிங்கர் ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஊசியைக் குத்து. ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு. ஊசியை உருவு. கம்பியின் மேலேயே குழாயை நழுவவிடு. கம்பியையும் உருவிவிடு. 1961-ல் லண்டனில் ஸ்டான்லி ஷால்டன், இதே முறையில் தொடையிலுள்ள பெரிய ரத்தக்குழாயில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார். சர்ஜனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் டாக்டர்கள் மேலே வந்தார்கள். காறை எலும்புக்கு அடியிலுள்ள சிரையில் போட்டார்கள். வசதியாக இருந்தது. எல்லோரும் அதையே செய்தார்கள்.

பல வருடம் கழித்துத்தான் விபரீதம் புரிந்தது. குழாய் உரசி உரசி அந்தச் சிரை உள்ளுக்குள் சுருங்கிவிடுகிறது. சுருங்கினால் அந்தப் பக்கத்துக் கை முழுக்க வீங்கும். பிறகு அந்தக் கையில் ஃபிஸ்டுலா போட்டாலும் தங்காது. அவசரத்துக்குத் திறந்த ஒரு வாசல், பின்னால் வரவேண்டிய நல்ல வாசலையும் சேர்த்து மூடிவிட்டது! அதன்பிறகுதான் கழுத்துச் சிரையே முதல் இடம் என்று ஆனது. அதுவும் சாசுவதம் அல்ல. வலது கழுத்து, இடது கழுத்து, வலது தொடை, இடது தொடை. ஒவ்வொன்றாகத் தீரும்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்வதென்றால், உடம்பிலுள்ள சிரைகள் வருமானம் அல்ல, முதல். தினசரிச் செலவுக்கு முதலில் கை வைக்கிற கடைக்காரன் எத்தனை நாள் கடை நடத்துவான்?

*

எல்லா முதலும் தீர்ந்த பிறகும் பிழைக்க வழி உண்டா?

உண்டு. இரண்டே இரண்டு. உடம்பின் கீழ்ப்பாதி ரத்தமெல்லாம் ஒரு பெரிய சிரையில் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறி, கல்லீரலுக்குப் பின்பக்கமாக உரசிக்கொண்டு போய், இதயத்தில் விழுகிறது. முதல் வழி, முதுகுப்பக்கமாக ஊசியைச் செலுத்தி அந்தப் பெரிய சிரையையே நேராகப் பிடிப்பது. அதுவும் அடைபட்டால் இரண்டாவது வழி, கல்லீரல்.

கல்லீரலில் ஊசியா? பதறாதீர்கள். பித்தக்குழாய் அடைத்துக்கொண்டவர்களுக்கு 1970-களிலேயே விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியைக் கல்லீரலுக்குள் செலுத்திப் படமெடுத்தார்கள். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தின் பெயராலேயே அந்த ஊசிக்குச் 'சிபா ஊசி' என்று பெயர். அதே பாதையை டயாலிசிஸுக்கும் திருப்பினார்கள். 1994-ல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில், கல்லீரல் வழியாக டயாலிசிஸ் கதீட்டர் போட்ட செய்தி வெளியானது.

எப்படிச் செய்கிறார்கள்? கல்லீரலிலிருந்து மூன்று சிரைகள் புறப்பட்டு அந்தப் பெரிய சிரையில் கலக்கின்றன. அல்ட்ராசவுண்ட் ஸ்க்ரீனில் பார்த்தபடி, வலது விலாப்பக்கம் தோலைத் துளைத்து, கல்லீரலுக்குள் ஓடும் ஒரு சிரையை ஊசியால் பிடிக்கவேண்டும். எக்ஸ்ரே துணையோடு கம்பியை விடவேண்டும். அதன்மேல் கதீட்டர். நுனி போய் இதயத்தின் வலது மேல் அறையில் நிற்கும். செல்டிங்கர் சொல்லிக்கொடுத்த அதே தந்திரம்தான். இதைச் செய்கிறவர் சர்ஜன்கூட இல்லை, ரேடியாலஜிஸ்ட்.

கேட்க ஜோராக இருக்கிறதல்லவா? ஆனால் கல்லீரல் சும்மா இருக்கிற உறுப்பு இல்லை. நீங்கள் மூச்சு இழுத்தால் கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். நாளெல்லாம் ஆயிரக்கணக்கான தடவை. அதனால் கதீட்டர் நழுவும், அடைத்துக்கொள்ளும், மாற்றவேண்டி வரும். கிருமி பயம் எப்போதும் உண்டு. ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. அதனால்தான் எந்த டாக்டரும் இதை முதலில் சொல்லமாட்டார். இதற்குப் பின்னால் இன்னொரு வாசல் அநேகமாக இல்லை.

*

நம் ஊருக்கு வருவோம்.

1975-ல் எமர்ஜென்சிக் காவலிலிருந்து வெளியே வந்த ஜெயப்பிரகாஷ் நாராயணனுக்குக் கிட்னி போய்விட்டிருந்தது. மும்பை ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவருக்கு மெஷின் வாங்கப் பொதுமக்கள் காசு சேர்த்தார்கள். இந்திரா காந்தி அனுப்பிய பணத்தை ஜே.பி. திருப்பி அனுப்பினார். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் படுத்தபோதுதான், 'டயாலிசிஸ்' என்கிற வார்த்தை தமிழ்நாட்டு டீக்கடை பெஞ்ச் வரைக்கும் வந்து சேர்ந்தது. ப்ரூக்ளினில் அண்ணன் மகள் லீலாவதியின் சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது.

எம்.ஜி.ஆருக்கு லீலாவதி இருந்தார். இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

வாங்கினார்கள். அயனாவரத்தை அடுத்த வில்லிவாக்கத்துக்கு அந்தக் காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர். 1994-ல் உறுப்பு விற்பனையைத் தடை செய்து சட்டம் வந்தது. வியாபாரம் நின்றதா? ம்ஹும். சுனாமியில் வீடு வாசலை இழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் கிட்னி விற்றிருந்த விஷயம் 2007 ஜனவரியில் அம்பலமானது. பேசிய தொகை ஒன்று, கைக்கு வந்தது வேறு. ஒருவருடைய உடம்பில் வாசல் தீர்ந்தபோது, கடன்காரன் வாசலில் நிற்கிற இன்னொருவரின் உடம்பைத் திறந்திருக்கிறார்கள்.

மறு வருடமே இதற்கு நேர்மாறான செய்தி வந்தது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். இறந்தவர்களிடமிருந்து முறையாக உறுப்பு பெறும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் வேரூன்றியது அந்த ஆண்டில்தான். 2023-ல், உறுப்பு தானம் செய்கிறவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று அறிவித்தது தமிழக அரசு. டயாலிசிஸ் நோயாளி ஒவ்வொருவரும் காத்திருப்பது இந்தக் கதவு திறப்பதற்காகத்தான். கல்லீரல் வழிக் கதீட்டர்கூட, அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் நீட்டித் தருகிற ஏற்பாடுதான்.

செலவு விஷயத்தில் நிலைமை முன்னைக்கு இப்போது தேவலை. 2012-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்துகொள்கிற டயாலிசிஸுக்கு ரத்தக்குழாய் வாசலே தேவையில்லை. அதற்கான பைகளை 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. வடசென்னைக்காரர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது.

ஆனால் எந்தத் திட்டமும் தரமுடியாத ஒன்று இருக்கிறது. அது உங்கள் சிரை.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. லேசாகக் காய்ச்சல், உடம்பு அசதி என்றால் நேரே தெருமுனை கிளினிக். "டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிட்ருங்க, தெம்பா இருக்கும்." ஏற்றாத டாக்டரை நாம் மதிப்பதுமில்லை. ஆரோக்கியமான ஆளுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு? கிட்னியைப் பெரும்பாலும் தின்பது இவை இரண்டும்தான். நாளைக்கு ஃபிஸ்டுலா ஆகவேண்டிய சிரையை இன்றைக்கு ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீருக்காகக் குத்திக் குத்தி அடைத்துக்கொள்கிறார். பிறகு ஒரு நாள் நர்ஸம்மா கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கலைங்க" என்கிறார். கழுத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து தொடை.

எனவே, உங்கள் வீட்டில் 'கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கு' என்று டாக்டர் சொன்ன யாராவது இருந்தால், இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அவர் அதிகம் பயன்படுத்தாத கையை ஒதுக்கி வையுங்கள். வலது கைக்காரர் என்றால் இடது கை. ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ யார் வந்தாலும், "அந்தக் கை வேணாம், இந்தக் கையில, புறங்கையில போடுங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். இரண்டு, டயாலிசிஸ் வரும் என்று தெரிந்தால், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் மாதங்களுக்கு முன்பே ஃபிஸ்டுலா பற்றிக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள்தான் கழுத்தில் குழாயோடு ஆரம்பிக்கிறார்கள்.

காம்ப்பனில் இறந்துபோன அந்த வேலைக்காரப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வாசல்தான் கிடைத்தது. நமக்கு அதைவிட அதிகம் இருக்கிறது. எண்ணிச் செலவழித்தால் போதும்.